ரெட்டைப் படத்துக்காரன்

சவுரிராயன் ஓடிக்கொண்டிருந்தான்.

முப்பத்தெட்டு வயசு, தொப்பை விழ ஆரம்பித்த பார்சல் கிளார்க். வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இப்படி ஒருவன் ஓடுவதை விழுப்புரம் ஜங்ஷன் அதற்குமுன் பார்த்ததில்லை. காப்பிக்காரன் தூக்கை மாரோடு அணைத்துக்கொண்டு வழிவிட்டான். ரயில் ஏதும் புறப்படுகிறதோ என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் புறப்படவில்லை. அன்று காலை எட்டு மணியிலிருந்து எந்த ரயிலும் எங்கேயும் போகவில்லை.

கவிழ்ந்த வேகன்களிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை கூட்ஸ் ஷெட்டில் நின்று எண்ணி எண்ணி அவன் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அங்கேதான் பியூன் சின்னதுரை வந்து காதில் போட்டான்.

“அண்ணே, சப்-இன்ஸ்பெக்டர் வந்துக்கீறாரு. காலையில படப்பெட்டியைத் தூக்கிக்கினு மேட்டுப் பக்கம் போனது யாருன்னு கேட்டாரு. நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் உன் மேஜையைக் காட்டிட்டாரு. முத்துசாமியை வேற கொண்டாந்து பெஞ்சுல குந்த வெச்சுக்கீறாங்க. வயித்து வலி, எட்டு மணி வரைக்கும் ஊட்ல படுத்துக்கினு இருந்தேன்னு சொல்லிட்டான் பாவம்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் சவுரிராயனின் காலைக் கிளப்பியது. ஏனென்றால் ஏழு மணிக்கு முத்துசாமி வீட்டில் படுத்திருக்கவில்லை. ரயில் மேட்டின்மேல், தண்டவாளத்துப் பக்கத்தில், கையில் ஸ்பானரோடு குந்திக்கொண்டிருந்தான். அது சவுரிராயனுக்குத் தெரியும். சவுரிராயனின் மேஜைக்குள் இருக்கும் காமிராப் பெட்டிக்கும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஆவணி மாதம். தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட கோபத்தில் ஊருக்கு ஊர் தந்திக் கம்பி அறுந்துகொண்டிருந்த நேரம். தண்டவாளத்தில் கை வைத்தவன் என்று பேர் வாங்கினால் கசையடி உண்டு, ஜெயில் உண்டு. கயிறு வரைக்கும் போகும் என்றும் பேச்சு. முத்துசாமியோ கீமேன், தன் பங்கு மூன்று மைல் தண்டவாளத்தைத் தினம் காலையில் நடந்து பார்த்து, தளர்ந்ததை முடுக்க வேண்டியவன். அந்த மூன்று மைலுக்குள்தான் வேகன் கவிழ்ந்தது.

பார்சல் ஆபீசுக்குள் பாய்ந்து, மேஜைக் கதவைத் திறந்து, பெட்டியை வெளியே எடுத்தான் சவுரிராயன். பின்பக்கத்தைத் திறந்து வெயிலில் காட்டிவிட்டால் படம் ஒழிந்தது. ஆனால் அப்படிச் செய்தவன் எதற்காகச் செய்தான் என்று கேட்பார்கள். ஒழித்ததே சாட்சியாகிவிடும். பெஞ்சில் முத்துசாமிக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு இடம்.

பெட்டியைத் திருப்பினான். முதுகில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்புச் சன்னல். உள்ளே இருக்கிற சுருளின் எண் அதில் தெரியும்.

ஐந்து.

காலையில் எடுத்ததே ஐந்தாவது படம், திருகியிருந்தால் ஆறு வந்திருக்கும். திருகவில்லை. வழக்கம்போலத் திருக மறந்துபோயிருந்தான்.

வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டது.

அந்த மறதியைப் பற்றி ஊருக்கே தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கேட்பாரற்றுக் கிடந்த பார்சல்களை ரயிலடியில் ஏலம் விட்டபோது அவன் எடுத்தது அந்தப் பெட்டி. டாக்டர் சாமான் ஏதோ என்று நினைத்து வேறு யாரும் கேட்கவில்லை. கோட்டக்குப்பத்து காதர் பாட்சா பாண்டிச்சேரிக்குப் போய்வரும்போது ஃபிலிம் சுருள் வாங்கிவந்து கொடுப்பார். ஒரு சுருளுக்கு எட்டுப் படம். ஒரு படம் எடுத்ததும் பக்கத்துச் சாவியைத் திருகி அடுத்த எண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். சவுரிராயன் எடுத்த படத்தையே நினைத்துக்கொண்டு நடப்பான், திருக மறப்பான், அடுத்ததையும் அதே இடத்தில் எடுத்துத் தொலைப்பான். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கொள்ளும். மேல்மலையனூர் அமாவாசைத் தேருக்குக் குறுக்கே கூட்ஸ் வண்டி ஓடியது. மாதா கோயில் மணிக்கூண்டில் ஜட்கா குதிரை நின்றது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஸ்டேஷன் மாஸ்டர் சரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்து எடுத்துக்கொண்ட படத்தில் அவர் தலைக்கு மேல் இரண்டு எருமைக் கொம்பு. அவர் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் ரெட்டைப் படத்துக்காரன்.

பெயர் போகட்டும். அவன் படம் எடுத்த விஷயம்தான் ஜனங்களுக்கு இன்னும் பெரிய வேடிக்கை. செஞ்சிக் கோட்டை இருக்கிறது, மகாபலிபுரம் இருக்கிறது, இந்த ஆள் விழுப்புரத்தைப் போய் எடுத்துக்கொண்டிருக்கிறானே என்று. வண்டி மாறுவதற்கு இறங்குகிற ஊரய்யா இது, இதில் என்ன இருக்கிறது என்று ரயிலடிக் காப்பிக்காரன் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறான். சவுரிராயன் மாட்டுச் சந்தை கலைந்தபிறகு மிஞ்சும் முளைக்குச்சிகளை எடுத்தான். மழை நின்ற மறுநாள் நீர்த்தொட்டியின் நிழல் குட்டையில் விழுவதை எடுத்தான். யுத்தம் வந்து சுருள் கிடைப்பது அருமையானபிறகு எட்டுப் படத்தை நாலு மாதத்துக்கு வைத்துக்கொண்டு, சுருள் பூட்டின பெட்டியோடு வாரக்கணக்கில் தெருத் தெருவாக நடந்தான். பார்ப்பான், எடுக்க மாட்டான். வீட்டுக்கு வந்து மனைவி இருதயமேரியிடம் இன்றைக்கும் எடுக்கவில்லை என்பான். அவள், எடுக்காததற்கு எதற்கு இத்தனை தூரம் நடை என்று கேட்டுவிட்டு கேப்பைக் களியை எடுத்து வைப்பாள்.

ஊரோ மணை மாதிரித் தட்டை. மொத்தமாகப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் மேடு ஒன்றுதான் உயரம். யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தது அவனுக்குத் தெரியாததல்ல. தண்டவாளத்தை யார் எடுத்தார்கள், ஊரைத்தானே எடுக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அன்று காலை ஏறிவிட்டான். நீர்த்தொட்டிமேல் வெயில் விழுகிறவரை காத்திருந்தான். வளைந்து போகிற தண்டவாளம், அதற்கப்பால் புளியமரங்கள், கூரைகள், புகை. படம் எடுக்கிற நெம்பைத் தட்டினான். தட்டியபிறகுதான் ஓரத்தில் குந்தியிருந்த உருவம் நிமிர்ந்து அவனைப் பார்த்தது.

முத்துசாமி வியர்த்து ஊறிப்போயிருந்தான். இரண்டு தண்டவாளத்தைச் சேர்க்கிற இணைப்புத் தகட்டை யாரோ கழற்றிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கூட்ஸ் வருகிற நேரம், முடுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றான். சவுரிராயன் பெட்டியைச் சரளைக்கல்மேல் வைத்துவிட்டு, தகட்டின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தான். முடிந்ததும் முத்துசாமி கையெடுத்துக் கும்பிட்டான்.

“யார்கிட்டயும் மூச்சு விடாதண்ணே. முடுக்கினேன்னு சொன்னா, கழட்டினவன் எவன்னு கேப்பானுங்க. ஓடினதுல ஒருத்தனை எனக்குத் தெரியும். பேரைச் சொல்லிட்டு இந்த ஊர்ல நான் எப்படிக் குடியிருக்கறது?”

இரண்டு பேருக்கும் தெரியாதது ஒன்றுதான். வளைவுக்கு அப்பால் இன்னொரு இணைப்பையும் கழற்றியிருந்தார்கள். ஏழே முக்காலுக்கு அங்கே இரண்டு வேகன் பள்ளத்தில் உருண்டது. ஆளுக்குச் சேதமில்லை.

படத்தில் கழற்றுகிறவனும் முடுக்குகிறவனும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள். பார்க்கிறவன் என்ன நினைத்துக்கொண்டு பார்க்கிறானோ அதுதான் படம்.

வாசலில் நிழல் விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி ஒல்லியாக, உயரமாக இருந்தார். நாலு நாள் கெட்ட தூக்கம் கண்ணில் சிவப்பாக நின்றது. பூட்ஸ் முழுக்க மேட்டுச் சேறு. பின்னாலேயே ஸ்டேஷன் மாஸ்டர், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

கிருஷ்ணசாமி சவுரிராயனின் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். பெட்டி கைமாறியது.

“காலையில எத்தனை எடுத்தே?”

“ஒண்ணுங்க, ஐயா. ஊரை.”

“ஊரை,” என்று அவர் திருப்பிச் சொன்னார். “ஊர்ல ஆள் யாராவது இருந்தாங்களா?”

வலது ஓரத்தில் யாரோ இருந்த மாதிரி, சரியாகக் கவனிக்கவில்லை என்றான் சவுரிராயன். இல்லவே இல்லை என்று சொல்லலாம். நாளை படம் வந்தால் மாட்டிக்கொள்வான். கிருஷ்ணசாமி சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோலப் பெட்டியை மேலும் கீழும் திருப்பினார். முதுகில் ஒட்டியிருந்த தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார். திறந்து சுருளை எடுக்கச் சொன்னார்.

எட்டும் முடியாமல் எடுத்தால் வெளிச்சம் புகுந்து எல்லாமே போய்விடும், ஐந்து ஆயிற்று, இன்னும் மூன்று பாக்கி என்றான் சவுரிராயன். மிச்சத்தைச் சும்மா திருகிவிட்டே எடுக்கலாம். அதை அவன் சொல்லவில்லை.

“அப்ப மூணையும் எடுத்து முடி.”

“என்னத்தை எடுக்கறதுங்க, ஐயா?” என்று கேட்டான். பிறகு தன் குரல் தன்னைக் கேட்காமலே பேசுவதைக் கேட்டான். “ஐயாவையே ஒண்ணு எடுக்கட்டுங்களா?”

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்துவிட்டார். “வேணாங்க சார். என் தலையில கொம்பு முளைக்க வெச்ச பாவி இவன்.”

கிருஷ்ணசாமி தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். போலீஸ்காரன் ஆனாலும் மனுஷன்தானே, படம் என்றால் ஆசை இல்லாமல் போகுமா என்று சவுரிராயன் நினைத்துக்கொண்டான்.

பெரிய கெடிகாரத்துக்குக் கீழே நிற்கலாம், கவர்னரே அங்கே நின்றுதான் எடுத்துக்கொண்டார் என்று ஸ்டேஷன் மாஸ்டர் யோசனை சொன்னார். சவுரிராயன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கெடிகாரத்தடி நிழல். திருகாத சுருளில் நிழலை எடுத்தால் காலைப் படம் அப்படியே கீழே நிற்கும்; முத்துசாமி முகம் பளிச்சென்று தெரியும். அதை மூழ்கடிக்க வெளிச்சம் வேண்டும். எதிரே, விளக்கு அறையின் சுண்ணாம்புச் சுவர் வெயிலில் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. அங்கே நில்லுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஏன் என்று வராதா?

“கடிகாரத்துக்கிட்ட இருட்டு,” என்று சொல்லிவிட்டு கிருஷ்ணசாமி தானாகவே நடந்துபோய் அந்த வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றார்.

சவுரிராயன் மனசுக்குள் மாதாவைக் கும்பிட்டான்.

“ஐயா கொஞ்சம் வலது பக்கமா.”

அவர் ஓரடிக்குப் பதில் இரண்டடி தள்ளினார். சவுரிராயன் குனிந்து, பெட்டியின் மேல் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். காலையில் முத்துசாமி குந்தியிருந்த அதே ஓரத்தில், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு காக்கிச் சட்டை.

நெம்பைத் தட்டினான்.

பிறகு எல்லோர் காதிலும் விழும்படி திருகினான். சன்னலில் ஆறும் ஏழும் நிற்க, ஏழு, எட்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு மீதி இரண்டை எடுத்தான். ஒன்று ஜட்கா ஸ்டாண்டு, ஒன்று மல்லாட்டை மூட்டைக் குவியல். அந்தக் கலவரத்திலும் குதிரையின் காது பெட்டிக்குள் முழுசாக விழுகிறதா என்று இரண்டு தரம் பார்த்தான். அது அவன் வியாதி.

சுருளைக் கழுவுவதற்கு அவன் வழக்கமாக வைத்திருந்த இடம் விளக்கு அறைதான். கதவைச் சாத்திவிட்டால் பட்டப்பகலிலும் குகை. ரயில் கார்டுகளின் கை விளக்கைச் சிவப்புக்குத் திருப்பி வைத்தால் சுருளுக்கு அந்த வெளிச்சம் ஒன்றும் செய்யாது. கான்ஸ்டேபிளை வெளியே நிறுத்திவிட்டு கிருஷ்ணசாமி தானே உள்ளே வந்து மண்ணெண்ணெய் டின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

சவுரிராயன் பீங்கான் கிண்ணத்து மருந்தில் சுருளின் இரண்டு நுனியையும் பிடித்து ஏற்றி இறக்கினான்.

“எதுக்குய்யா இந்த ஊரைப் படம் எடுக்கறே?” என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. அதட்டல் இல்லை. அலுத்துப்போன மனுஷன் பக்கத்து ஸீட்டுக்காரனைக் கேட்கிற மாதிரி.

“தெரியலீங்க, ஐயா. எல்லாரும் வண்டி மாறிப் போயிடறாங்க. நான் இங்கியே குந்திக்கினு இருக்கறேன். என்னாத்தைப் பார்த்துக்கினு குந்தியிருக்கறேன்னு எனக்காச்சும் தெரியணும் இல்லீங்களா?”

கிருஷ்ணசாமி தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. சுருளில் ஒவ்வொன்றாகக் கறுப்பு ஏறியது. இதில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக வரும், கறுப்பு வெறுமையாக நிற்கும். ஐந்தாவது படத்தின் வலது பாதியில் சுண்ணாம்புச் சுவர் தார் மாதிரி திரண்டு வந்தது. வந்து, கீழே குந்தியிருந்த உருவத்தைத் தின்றது.

“போதும், எடு. ரொம்பக் கறுத்துடும்,” என்றார் கிருஷ்ணசாமி.

சவுரிராயனும் அதே சமயத்தில்தான் எடுக்க நினைத்தான். குருட்டாம்போக்கில் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காகிதத்தில் அச்செடுத்தபோது ரயிலடியே கூடிச் சிரித்தது. சப்-இன்ஸ்பெக்டர் தண்டவாளத்தின்மேல் நின்றார். தண்டவாளம் அவர் வயிற்றில் புகுந்து முதுகில் போயிற்று. நீர்த்தொட்டி அவர் தொப்பிமேல் குடுமி மாதிரி முளைத்திருந்தது. அவர் காலடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மங்கல். கல் என்றால் கல், நாய் என்றால் நாய். கிருஷ்ணசாமி சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம் பார்த்தார். பெட்டியைப் பறிமுதல் செய்கிறேன் என்று எழுதி, அவனிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

படம் ஒன்று இருக்கிறது என்று மேலிடத்துக்குச் சேதி போய்விட்டதால் அது திண்டிவனம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. முத்துசாமிக்காக வந்த வக்கீல் அதைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தண்டவாளத்தின்மேல் நிற்பது யார் என்று கிருஷ்ணசாமியைக் கேட்டார்.

“நான்.”

“அப்படியானால் இந்தப் படத்தை வைத்துக்கொண்டு யாரைக் கைது செய்வது?”

கோர்ட்டு சிரித்தது. கிருஷ்ணசாமி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் கூண்டில் ஏறி, தன் கொம்புக் கதையைச் சத்தியம் பண்ணிச் சொன்னார். காதர் பாட்சா, அந்த ஆளுக்குச் சுருள் விற்பதே பாவம் என்றார். கடைசியில் சவுரிராயனைக் கூப்பிட்டு, இது சூதா முட்டாள்தனமா என்று கேட்டார்கள்.

“மறதிங்க, ஐயா,” என்றான்.

அவனுக்காக அத்தனை பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள். நம்பாமல் இருக்க முடியுமா? முத்துசாமி இருபத்துமூன்று நாள் கழித்து, தாடியும் சொறியுமாக வெளியே வந்தான். யுத்த காலத்தில் தண்டவாளத்தைப் படம் எடுத்த குற்றத்துக்கு சவுரிராயனுக்கு அபராதமும் திண்டிவனத்துக்கு மாற்றலும் கிடைத்தன. பெட்டி கோர்ட்டு சாமான் அறைக்குள் போயிற்று. தண்டவாளத்தின்மேல் நின்ற சப்-இன்ஸ்பெக்டரை இன்ஸ்பெக்டர் ஆக்குவது எப்படி என்று மேலிடத்தில் யோசித்தார்களாம். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டான். நல்லா வேணும் என்றுதான் அப்போது தோன்றியது.

திண்டிவனத்திலும் பார்சல் வந்தது, போயிற்று. பெயர் அவனுக்கு முன்னாலேயே வண்டி ஏறி வந்திருந்தது. முதல் நாளே ஒரு போர்ட்டர், ரெட்டைப் படத்துக்காரர் நீங்கதானுங்களா என்று மரியாதையாகக் கேட்டான். ஏரிக்கரையில் சாயங்காலம் நடக்கும்போது சவுரிராயன் சில இடத்தில் நின்றுவிடுவான். வண்ணான் துறையில் காயும் வேட்டிகள், புழுதியில் ஆட்டு மந்தை. வலது கட்டைவிரல் தானாக ஒரு தரம் கீழே அசையும். இருதயமேரி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடப்பாள்.

முத்துசாமி வருஷம் தவறாமல் மாசியில் ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்துவிடுவான். மனைவி குப்பம்மாளும் கூட வருவாள்.

“உனக்கு மட்டும் ஞாபக சக்தி இருந்திருந்தா என் கதை முடிஞ்சிருக்கும்ணே,” என்பான். “உங்க மாதா கிருபையில இந்த மறதி உனக்கு இன்னும் பெருகணும்.”

எல்லோரும் சிரிப்பார்கள். சவுரிராயனும் தோலை உரித்துப் போட்டுக்கொண்டு சிரிப்பான். உண்மையைச் சொல்லாததற்கு முதல் இரண்டு வருஷம் பயம் காரணம். அதற்கப்புறம் அலுப்பு. மறந்துவிட்டேன் என்று நூறு பேரிடம் சொன்னபிறகு, நூற்றோராவது ஆளிடம் இல்லை என்று தொடங்க எவ்வளவு தெம்பு வேண்டும். இருதயமேரியிடம்கூட அவன் சொல்லவில்லை. உலகத்தில் அந்த ஒரு விஷயம் தெரிந்தவன் தான் ஒருத்தன்தான் என்பது, சுமையாகவும் இருந்தது, யாரும் ஏலம் கேட்காத சொத்தாகவும் இருந்தது.

நாற்பத்தேழாம் வருஷம் தை மாதம், மத்தியானம் ஒரு மணி இருக்கும். மெயில் போன பிற்பாடு பார்சல் ஆபீஸ் காலியாக இருந்தது. மூங்கில் கூடைகளில் கட்டிய கோழிகள் மட்டும் முனகிக்கொண்டிருந்தன. ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டியும் துண்டுமாக ஒரு நெட்டை மனிதர் வந்து நின்றார். கக்கத்தில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

எந்த ஊருக்கு என்று கேட்டுக்கொண்டே சவுரிராயன் சீட்டுப் புத்தகத்தை இழுத்தான்.

“அனுப்ப வரலை. உன்கிட்ட கொடுக்க வந்தேன்.”

குரலைக் கேட்டபிறகுதான் முகம் தெரிந்தது. தொப்பி இல்லாத தலையில் முடி முக்கால்வாசி போயிருந்தது. சவுரிராயன் எழுந்தான், பழக்கம். கிருஷ்ணசாமி கையமர்த்திவிட்டு, தாமாக உள்ளே வந்து ஒரு வெங்காய மூட்டையின்மேல் உட்கார்ந்தார். பென்ஷன் வாங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். கோர்ட்டில் பழைய சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னாராம். பொட்டலத்தைப் பிரித்தார்.

பெட்டி. தோல் உரிந்து, ஒரு மூலையில் கரையான் தொட்டிருந்தது. சாவி மட்டும் துருப்பிடிக்காமல் இருந்தது. சவுரிராயன் அதைத் தொடவில்லை.

“முத்துசாமி எப்படி இருக்கான்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கான்.”

“அன்னிக்கு உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி மேட்டுல பூரா நடந்து பார்த்தேன். ஒரு ஜாயிண்ட்டுல போல்ட்டு எல்லாம் அப்பத்தான் முடுக்கியிருந்தது. கிரீஸ்ல புது விரல் தடம். அடுத்த ஜாயிண்ட்டு கழண்டு கிடந்தது. கழட்ட வந்தவன் ஒண்ணைக் கழட்டிட்டு ஒண்ணை எதுக்குய்யா முடுக்கறான்?” கொஞ்சம் மூச்சு விட்டார். “உன் கட்டைவிரல்லயும் கிரீஸ் இருந்தது.”

சவுரிராயன் தன் கட்டைவிரலைப் பார்த்தான். ஐந்து வருஷத்துக் கிரீஸ் அதில் இன்னும் இருப்பதுபோல.

“தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருக்கலாமே, ஐயா.”

“யார்கிட்ட? ஆளைப் பிடி, ஆளைப் பிடின்னு மணிக்கு ஒரு தந்தி. அந்த மாசத்துல மட்டும் பதினோரு பேரை உள்ள அனுப்பியிருந்தேன். அதுல எத்தனை பேர் கழட்டினவன், எத்தனை பேர் முடுக்கினவன்னு இன்னிக்கும் தெரியாது.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “படம்னு ஒண்ணு கையில வந்துட்டா அதைக் கொடுத்துத்தான் ஆகணும். கொடுத்தா பன்னிரண்டு.”

கோழிகள் முனகின. சவுரிராயனுக்கு விளக்கு அறையின் சிவப்பு வெளிச்சம் ஞாபகம் வந்தது. போதும், எடு, ரொம்பக் கறுத்துடும்.

“ஐயாவுக்குப் படம் கழுவத் தெரியுமா?” என்று கேட்டான்.

“வேலையில சேர்ந்த புதுசுல, செத்தவனைப் படம் எடுக்கறதுக்குன்னு கத்துக் கொடுத்தாங்க. மூணு வருஷம் எடுத்தேன்.” அவர் பெட்டியை எடுத்து, முதுகுப் பக்கத்தைத் திருப்பி, அன்று செய்த மாதிரியே மேல்துண்டின் நுனியால் அந்தச் சிவப்புச் சன்னலைத் துடைத்தார். “தூசியைத் துடைச்சேனே, ஞாபகம் இருக்கா? அஞ்சு எடுத்தாச்சுன்னு நீ சொன்னே. இதுல ஆறு இல்லை, அஞ்சுதான் நின்னுது. பார்த்துட்டுத்தான் வெள்ளைச் சுவத்துக்குப் போனேன்.”